கூரையில் கொட்டிய குளவிகள்

காலை எட்டரைக்குத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் கஜேந்திரன் செய்யும் முதல் வேலை பிளேன்டீ குடிப்பது. இரண்டாவது வேலை, குடித்த களைப்புத் தீர நாற்காலியில் சாய்வது. மூன்றாவதாகத்தான் விபத்துப் பதிவேடு வரும். மலையில் கொழுந்து எடுக்கும்போது யாரையாவது குளவி கொட்டியிருந்தால் பெயர், தேதி, இடம் மூன்றையும் அதில் எழுத வேண்டும். பெயரை எழுதுவார். தேதியை எழுதுவார். இடம் என்ற கட்டத்தில் மட்டும் 'மேற்படி' என்று போட்டுவிடுவார்.

அதற்கு மேலே இருந்ததும் மேற்படிதான். அப்படியே பக்கம் பக்கமாகப் பின்னால் போனால், ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு நாள் உண்மையாகவே ஓர் இடம் எழுதப்பட்டிருந்தது: 'தோட்ட ஆபீஸ்'. அன்றைக்குக் காவலுக்கு நின்ற வாச்சரை ஆபீஸ் வாசலில் ஒரு குளவி கொட்டியிருந்தது. அதற்குப் பிறகு தோட்டத்தில் கொட்டிய குளவிகள் எல்லாம் அந்த ஒரு குளவியின் வாரிசுகளாகி, ஆபீசிலேயே குடியேறிவிட்டன.

கஜேந்திரன் கெட்டவர் இல்லை. தெமோதரைப் பக்கத்துத் தொழிலாளர் லயமொன்றில் பிறந்து, படித்து, மேசைக்கு வந்தவர். மேசைக்கு வந்ததும் மலை கொஞ்சம் தூரமாகிவிட்டது. யாருக்கும் நடக்கிறதுதான்.

அந்தப் புதன்கிழமை நிவேதிகா மடிக்கணினியோடு வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். எந்த விபத்து எங்கே நடந்தது என்பதை வரைபடத்தில் புள்ளிபுள்ளியாக வைத்து, எந்த இடம் ஆபத்தானது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. போன மாதம் பதிவேட்டைப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. பதிவேட்டில இருக்கிற மாதிரியேதான் கீறினனான். பாருங்கோ."

திரையில் தோட்டம் முழுவதும் பச்சையாக விரிந்தது. நடுவில் ஒரு தகரக் கூரைமேல் மட்டும் ரத்தச் சிவப்பில் ஒரு பெரிய வட்டம்.

"இது என்னம்மா?"

"உங்கட கந்தோர், இந்த ஆபீஸ்தான். ஐம்பத்தெட்டுத் தரம் குளவி குத்தினது முழுக்க இதுக்குள்ளதான். உங்களுக்கு ஒண்டும் குத்தேல்லையோ?"

கஜேந்திரன் சிரித்தார். நிவேதிகா சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை குளவிக்கூடு எடுக்கிற ஆக்கள் வருவினம். அந்த ஒரு நாள்தான் கிடைச்சது. சிவப்பு எங்க கிடக்கோ அங்கதான் எடுப்பினம். திங்கக்கிழமை ஏழாம் நம்பர் மலையில கொழுந்து எடுக்கப் போறியள் எண்டு தோட்டத்தை நடத்திற துரை சொன்னவர். அங்க கூடு இருந்தா என்ன செய்யிறது?"

கஜேந்திரனுக்குச் சிரிப்பு நின்றது. ஏழாம் நம்பர் மலைக்குப் போகும் பெண்கள் செட்டில் அவருடைய மதினி ஜெயலெட்சுமி இருந்தாள், அண்ணன் பெண்சாதி. போன வருடம் குளவி கொட்டி நாலு நாள் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தவள். ஆப்பிளும் தோடம்பழமும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். கண் கலங்கினார். திரும்பி வந்து 'மேற்படி' என்று எழுதினார்.

மறுநாள் மதியம், கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு நிவேதிகாவைக் கூட்டிக்கொண்டு ஏறினார். பாதி வழியில் மூச்சு வாங்கியது. மலையின் உயரம் ஞாபகத்தில் இருந்ததைவிட அதிகமாயிருந்தது.

"அடியே, கிளாக்கரய்யா மலைக்கு வந்திருக்காருடி! இன்னைக்கு மழைதான்!" என்று கூவினாள் ஒருத்தி.

"கொழுந்தனாரே, வழி தெரிஞ்சுதா? இல்ல, அந்தப் புள்ள போன்ல பாத்துக் கூட்டியாந்துச்சா?" என்றாள் ஜெயலெட்சுமி.

நிவேதிகா பெரிய வரைபடத்தை, இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கொன்றின்மேல் விரித்தாள். பெண்கள் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். ஜெயலெட்சுமி தாளின் இரண்டு முனையைப் பிடித்து, அப்படியே தலைகீழாகத் திருப்பினாள்.

"அக்கா, வடக்கு மேல இருக்கோணும்."

"மலையுச்சிதாம்மா மேல இருக்கணும். வடக்க வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்ண?"

திருப்பியதுதான் தாமதம், எல்லாருக்கும் தோட்டம் தெரிந்துவிட்டது. இது மாரியம்மன் கோயில், இது தண்ணி பிடிக்கிற பீலி, இது டர்பன்டைன் மரவரிசை. நிவேதிகா கொடுத்த சிவப்பு ஸ்டிக்கர்களை ஒவ்வொருத்தியும் தனக்குக் கொட்டிய இடத்தில் ஒட்டினாள்.

"என்னைய இங்க. திருவிழாவுக்கு மொத நாளு."

"என்னைய அதே எடத்துல ரெண்டு தடவ. குளவிக்கு என்மேல ஒரு ஆச."

பதினேழு தடவைக்கு இடம் கிடைக்கவில்லை. சிலருக்கு மறந்துவிட்டது, சிலர் தோட்டத்தைவிட்டே போய்விட்டார்கள். மிச்சம் நாற்பத்தொரு ஸ்டிக்கரில் இருபத்தாறு, ஏழாம் நம்பர் மலையின் மேல் ஓரத்து டர்பன்டைன் வரிசையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நின்றன.

ஜெயலெட்சுமி நிமிர்ந்தாள். "இத நாங்க கங்காணிகிட்ட ஒவ்வொரு தடவையும் சொன்னோமே. அவரு ஒங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னாரு, மதினி."

"நீங்க எழுதலையா?"

"எழுதினேன். மேற்படின்னு."

யாரும் கேலி பண்ணவில்லை. பண்ணியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அன்று பின்னேரமே துரையின் அறைக்குப் போனார்கள். துரை ஸ்டிக்கர் ஒட்டிய தாளைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். "புத்தகத்துல ஆபீஸ்னு இருக்கு. பொம்பளைங்க மலைன்னு சொல்றாங்க. எத நம்பி, இங்கதான் கூடு எடுக்கணும்னு நான் கையெழுத்துப் போட?"

நிவேதிகா கஜேந்திரனைப் பார்த்தாள். பழியைப் போட ஒரு பழைய கிளாக்கரோ கரையானோ கிடைக்குமா என்று அவர் மனம் ஒரு சுற்றுத் தேடிப் பார்த்தது. பிறகு நாக்கு தானாகவே பேசியது.

"புத்தகம் பொய் சொல்லுது சார். சொல்ல வச்சவன் நான்தான். கங்காணி சொன்ன எடத்த எழுதச் சோம்பல்பட்டு, ஆறு வருஷமா ஒரே எடத்த எழுதிட்டேன். அவங்க சொல்றதுதான் நெசம்."

"இதுக்கு விளக்கக் கடிதம் கேப்பேன், தெரியும்தானே?"

"கேளுங்க சார். ஆனா மொதல்ல இந்தத் தாள்ல கையெழுத்துப் போடுங்க."

துரை பேனாவைத் திறந்தார். மறுநாள் விளக்கக் கடிதமும் கேட்டார். அதை அவர் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தியில், முகம் மூடிய வலை உடுப்புப் போட்ட நாலு பேர் டர்பன்டைன் வரிசையில் பதினொரு கூடுகளை இறக்கினார்கள். ஒன்று அரிசி மூட்டை பருமன் இருந்தது.

திங்கட்கிழமை அந்த வரிசைக்குக் கீழே பெண்கள் கூடை நிறையக் கொழுந்து எடுத்தார்கள். ஒருத்தரையும் குளவி தொடவில்லை. மதியம் மூச்சு வாங்க ஏறி வந்த கஜேந்திரனிடம் ஜெயலெட்சுமி தன் போத்தல் தண்ணீரை நீட்டினாள்.

"அந்தக் கூடெல்லாம் இன்னைக்கு நேத்து கட்டுனதில்ல, கொழுந்தனாரே. எங்களுக்கு எங்க வலிச்சுதுன்னு சொன்னத அப்படியே எழுதியிருந்தா, எப்பவோ எடுத்திருப்பாங்க. இந்தப் புள்ள கொண்டாந்த மாதிரி பெரிய மிஷினெல்லாம் வந்து நம்மளக் காப்பாத்தும், சரி. ஆனா அதுக்கு உண்மையச் சொல்றது மனுசன் வேல. அந்த வேலையில சோம்பல்பட்டா, அடுத்தவன் உசுரோட வெளையாடுறதாத்தான் அர்த்தம்."

"ஆமா, மதினி" என்றார் கஜேந்திரன்.