பின் கேட் வழியாக

வக்கீல் பகலவனைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது ஒரு ஸ்டூல் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்று. வேலை செய்கிறவர்கள் முழுக்கப் பெண்கள். ஷிப்ட் முடியும்வரை நின்றபடியே வேலை. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி லைனிலேயே மயங்கி விழுந்த அன்று, எழிலரசி என்பவள் சூப்பர்வைசரிடம் போய் ஆளுக்கொரு ஸ்டூல் கேட்டாள். கேட்டவளும் அவளோடு நின்றவர்களும் அடுத்த வாரமே வெளியே. அதுவரை செக் மோசடியும் பாகப்பிரிவினையும் பார்த்துக்கொண்டிருந்த பகலவன் அந்த வழக்கை எடுத்தார். எடுத்ததோடு விட்டாரா? கம்பெனி வாசலில் மைக்கைப் பிடித்து, "இந்த கேட்டுக்குள்ள நான் கால் வெச்சா, உங்கள இட்டுகினுதான் வெப்பேன்!" என்று முழங்கவும் செய்தார்.

அந்த முழக்கம் போனுக்குப் போன் பறந்தது. கட்சி கூப்பிட்டு சீட்டு கொடுத்தது. எழிலரசியும் மற்ற பெண்களும் தங்கள் சோற்றைத் தாங்களே கட்டி எடுத்துவந்து, அவருக்காகத் தெருத்தெருவாக நடந்தார்கள். ஜெயித்தார். கறுப்புக் கோட்டு பீரோவுக்குள் போனது, வழக்கு ஜூனியரிடம் போனது, ஜூனியர் வாய்தா மேல் வாய்தா வாங்கிக்கொண்டிருந்தான். சட்டமன்றத்தில் பகலவன் செம்பரம்பாக்கம் மதகைப் பற்றிப் பேசினார், பஸ் நிறுத்தத்தைப் பற்றிப் பேசினார், ஸ்டூலைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. பேசக் கூடாதென்று யாரும் அவரைத் தடுக்கவும் இல்லை.

இந்த நிலையில்தான் மாவட்டச் செயலாளர் போன் செய்தார். அதே கம்பெனியில் புது லைன் திறப்பு விழா. "நீதான் வந்து பட்டன் அமுக்கணும்னு சொல்றாங்கப்பா. நம்ம பசங்களுக்கும் வேலை போட்டுத் தரேன்றாங்க. பழசெல்லாம் நோண்டிகினு இருக்காத."

"சரிண்ணே," என்றார் பகலவன். யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். விழா நாளன்று காலையில் ஷேவ் செய்ய உட்கார்ந்தவருக்குத் தன் முகத்தைப் பார்க்கவே கூசியது.

அந்தப் பெண்கள் கறுப்புக் கொடியோடு நிற்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விடுவது என்று திட்டம்கூடப் போட்டு வைத்திருந்தார்.

"கொடி ஒண்ணியும் காணோமே சார்," என்றான் டிரைவர் மாரி, கம்பெனி கேட்டை நெருங்கும்போது.

கொடி இல்லை. கம்பெனி திருப்பி வாங்க மறந்துபோன நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, பழைய ஐடி கார்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தலைநிறையப் பூவும் கையில் சாப்பாட்டுப் பையுமாக ஷிப்டுக்கு நிற்பதுபோல வரிசையில் நின்றிருந்தார்கள். கார் நின்றதும் எழிலரசி ஓடிவந்தாள்.

"நேத்து உங்க பேனர் பாத்தேன் சார். சார் உள்ள போறாருன்னா நம்மள இட்டுகினுதான் போவாரு, கோட்டெல்லாம் தொவச்சி வையுங்கடின்னு எல்லாருக்கும் போன் போட்டுட்டேன். இவ பெனிட்டாதான் நம்பல. இப்ப பாரு!" பெனிட்டா வெட்கத்தோடு சிரித்தாள்.

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். பகலவன் வாட்சைப் பார்த்தார். "இரும்மா... நான் மொதல்ல உள்ள போய் பேசிட்டு வந்துடறேன்."

"பேசுங்க சார். நாங்க இப்டியே நிக்கிறோம். நிக்கிறதுக்கு எங்களுக்கு யாரும் சொல்லியா தரணும்?" எல்லோரும் சிரித்தார்கள்.

கேட் திறந்தது. கார்தானே போகிறது, கால் இன்னும் தரையில் படவில்லையே என்று வக்கீல் மூளை ஒரு பாயிண்ட் எடுத்துக் கொடுத்தது. சீ என்றிருந்தது அவருக்கு.

உள்ளே வெள்ளைத் துண்டு போட்ட பெரிய நாற்காலி அவருக்காகக் காத்திருந்தது. புது லைனில் சின்னச் சின்னப் பெண்கள் நின்றிருந்தார்கள். எங்காவது ஒரு ஸ்டூல் கண்ணில் படுகிறதா என்று தேடினார். இல்லை. உட்கார்ந்தார். பட்டனை அமுக்கினார். பெண்களின் உழைப்பைப் பற்றிப் பேசினார், கைதட்டினார்கள், பட்டுச் சால்வை போர்த்தினார்கள்.

மேடையிலிருந்து இறங்கும்போது எச்.ஆர். மேனேஜரிடம் மெல்ல ஆரம்பித்தார். "அந்தப் பழைய லேடீஸ் விஷயம்..."

"அது கோர்ட்ல இருக்கே சார். உங்க கேஸ்தானே?" என்றான் மேனேஜர், வெகு மரியாதையாக. பிறகு குரலைத் தாழ்த்தி, "முன்னாடி கொஞ்சம் கூட்டமா இருக்கு. உங்க வண்டிய பின் கேட்டுக்கு வரச் சொல்லிட்டேன்," என்றான்.

பகலவன் சரி என்று சொல்லவில்லை. சொல்லாததில் என்ன பெருமை? கால்கள் பின் கேட்டைப் பார்த்து நடந்துவிட்டன.

தண்டலம் தாண்டும்போது போன் அடித்தது. எழிலரசி. லாரி ஹாரன் சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று, எடுப்பதற்கு முன் கண்ணாடியை ஏற்றிவிட்டார். அந்தச் சாமர்த்தியம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

"சார், உள்ள லன்ச் பெல்லு அடிச்சிட்டாங்க. இன்னும் பேச்சு நடக்குதா? வெயிலு தாங்கல, பெனிட்டாவுக்குத் தலை சுத்துது, வூட்டுக்குப் போடின்னா போவ மாட்டேன்றா. அவசரமில்ல சார், நீங்க பொறுமையா பேசுங்க. உங்களுக்கும் சேத்து சோறு கட்டினு வந்துகீறோம்."

"பேசிட்டுதான்மா இருக்கேன்."

"இன்னும் பேசினு கீறாராம்டி!" என்று அவள் கத்துவது கேட்டது. பின்னாலேயே கைதட்டல். மேடையில் கேட்ட கைதட்டலைவிட அது நெடுநேரம் கேட்டது. மாரி ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினான்.

"வண்டியத் திருப்பு."

"எந்த கேட்டுக்கு சார்?"

மாரி குத்தலாகக் கேட்கவில்லை. வழி தெரிய வேண்டுமென்றுதான் கேட்டான்.

"முன் கேட்டுக்கு."

கார் ரோட்டுப் பக்கமிருந்து வந்து அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றது. பெனிட்டா மட்டும் மதிலோரம் உட்கார்ந்து, தலையைக் கவிழ்த்து முழங்காலில் வைத்திருந்தாள். மற்ற நீலக் கோட்டுகள் கேட்டைப் பார்த்து வரிசை கலையாமல் நின்றிருந்தன. யாரும் திரும்பவில்லை, அவர்கள் எதிர்பார்த்த ஆள் உள்ளேயிருந்தல்லவா வர வேண்டும்! பகலவன் இறங்கினார். சால்வை தோளிலேயே கிடந்தது.

"ஒழுங்கா நில்லுங்கடி, சார் வர நேரம்," என்று எழிலரசி முன்பக்கம் பார்த்தே அதட்டினாள்.

திரும்பிக் காருக்குள் ஏறிவிடலாம். யாருக்கும் தெரியாது. அவர் ஏறவில்லை.

"எழிலரசி," என்று கூப்பிட்டார்.

குரல் காதில் விழுந்ததும் அவள் முகமெல்லாம் சிரிப்பாக, எம்பி நின்று, கேட்டின் கம்பிகளுக்கு உள்ளேதான் அவரைத் தேடினாள்.