பச்சை பனியன்

அடையாறு பாலம் ஏறும்போதே என் வாயில் ரத்த ருசி வந்துவிட்டது. தை மாதத்து வாடைக்காற்று நேராக மூஞ்சியில் அறைந்தது. முன்னால் மூன்று பேர் தப்பித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பிடிக்க வேண்டியவன் நான். நான் மட்டும்தான். என் பின்னால் கிரீஷ், அவனுக்குப் பின்னால் பொன்ராஜ், அதற்கும் பின்னால் மொத்தக் கூட்டமும் என் முதுகு மறைவில் காற்றுப் படாமல் சொகுசாக வந்துகொண்டிருந்தது. ஓசி என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

விஷயம் இதுதான். 1994 பொங்கலுக்கு நடந்த மூன்று நாள் சைக்கிள் பந்தயம். குறித்த கோடுகளை முதலில் தாண்டுகிறவர்களுக்குப் புள்ளிகள். அதிகப் புள்ளி எடுத்தவனுக்குப் பச்சை பனியன். கடைசி நாள் காலையில் பனியன் நொச்சிக்குப்பத்துப் பொன்ராஜ் உடம்பில் இருந்தது. கிரீஷ் ஒரே ஒரு புள்ளி பின்னால். மிச்சம் இருந்தது கலங்கரை விளக்கத்தின் முன்னால் போட்ட கடைசிக் கோடு மட்டும்தான். அங்கே முதல் மூன்று பேருக்குத்தான் புள்ளி. தப்பித்த மூவரும் அதைத் தின்றுவிட்டால் பொன்ராஜ் சும்மா வந்தே ஜெயித்துவிடுவான். அதற்காகத்தானே கொட்டிவாக்கத்தில் அவர்களைப் போகவிட்டு வேடிக்கை பார்த்தான், கள்ளன்.

பனியன் ஜெயிக்கிறவனுக்கு ஒரு கம்பெனி தன் அணியில் இடமும் ஆபீஸில் வேலையும் தருவதாக இருந்தது. இருப்பது ஒரே இடம். கிரீஷுக்கு வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. இந்தத் தடவையும் ஒன்றும் ஆகவில்லை என்றால் சைக்கிள் ஆத்துல இருக்கப்படாது என்று மந்தைவெளியில் அவன் அப்பா சொல்லிவிட்டார். பொன்ராஜுக்கும் அதே வயதுதான். ஆனால் அவன் கதையை நினைக்க எனக்கு அன்றைக்கு நேரமில்லை.

கிரீஷும் நானும் ஒரே அணி. நான் கடைசியில் பாய்கிறவன் இல்லை, இழுக்கிறவன். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வரை கிரீஷைக் காற்றுப் படாமல் கொண்டுபோய் விட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் வேகம் போய்விடும். அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம். காலையில் வடக்கே ஓட்டும்போது வெயில் வலது தோளுக்குப் பின்னால் இருக்கும். பின்னால் வருகிறவன் நிழல் எனக்கு இடப்பக்கம் ரோட்டில் விழும். கிரீஷ் முழங்கையை இடுக்கிக்கொண்டு ஓட்டுவான். அந்த ஒல்லி நிழல் கூட வருகிற வரைக்கும் நான் எதைப் பற்றியும் கவலைப்பட மாட்டேன்.

பாலம் இறங்கியதும் பொன்ராஜ் என் பக்கத்தில் வந்தான். அவனுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

"இன்னா ஷரீஃப் பாய், தனியா இஸ்துக்கினு கீற? வேல அவனுக்கு, நெஞ்சு வலி உனுக்கா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெடலை இன்னும் அழுத்தினேன். அவன் சிரித்துக்கொண்டே பின்னால் போனான். கிரீஷ் மட்டும் மெல்ல, "இழுத்துண்டே போடா, நான் இருக்கேன்" என்றான். அந்த ஆத்திரத்தில்தான் சாந்தோமுக்குள் நுழையும்போது மூவரையும் பிடித்தேன். அவர்கள் செத்த மீன் மாதிரி ஓரமாக ஒதுங்கினார்கள்.

சாந்தோமில் கட்டிடங்கள் வெயிலை மறைத்தன. ரோட்டில் எங்கள் நிழல் எதுவும் விழவில்லை. பின்னால் யாரோ யாரையோ திட்டினார்கள், டயர்கள் உரசின. நான் திரும்பவில்லை, குனிந்து மிதித்தேன். மறுபடி வெயிலுக்குள் வந்தபோது என் பக்கத்தில் வந்த நிழலுக்கு முழங்கைகள் இரண்டும் துடுப்பு போடுகிறவனுக்குப் போல வெளியே துருத்திக்கொண்டிருந்தன.

பொன்ராஜ். கிரீஷைத் தள்ளிவிட்டு என் முதுகு மறைவைப் பிடித்துவிட்டான்.

அடப்பாவி, இவனுக்கா நான் இவ்வளவு நேரம் உயிரைக் கொடுத்தேன்! கோடு இன்னும் தூரத்தில் இருந்தது. நான் இழுத்தால் அவன் ஜெயிப்பான். அதனால் மிதிப்பதை நிறுத்தினேன். இடது பக்கம் ஒதுங்கினேன். பொன்ராஜ் திடீரென்று வெறும் காற்றில் தனியாக நின்றான். இவ்வளவு சீக்கிரம் பாய அவன் கணக்குப் போட்டிருக்கவே மாட்டான். வேறு வழியில்லை, பாய்ந்தான். அவன் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு கிரீஷ் என்னைக் கடந்து போனான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

காற்று பொன்ராஜைத் தின்றது. கிரீஷ் வெளியே வந்தான், பக்கத்தில் வந்தான், அரைச் சக்கரம் முந்தினான். குப்பத்து ஜனம் தங்கள் ஆளைப் பார்க்க ரோட்டுக்குள் இறங்கி, ஓரத்தில் நின்ற நடுவருக்குக் கோடு தெரியாமல் மறைத்தது. நான் ரோட்டின் நடுவில், இருவருக்கும் நேர் பின்னால் வந்துகொண்டிருந்தேன். கால்களின் இடுக்கில் சுண்ணாம்புக் கோடு எனக்குத் தெரிந்தது.

கிரீஷ் கையைத் தூக்கினான். கோடு வருவதற்கு முன்னால் தூக்கினான். நிமிர்ந்த நெஞ்சில் காற்று முட்டியது. தலையைக் கவிழ்த்திருந்த பொன்ராஜின் டயர் அவனைத் தாண்டித்தான் சுண்ணாம்பை மிதித்தது.

நடுவர் ராஜகோபாலன் சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். கூட்டம் மறைத்துவிட்டது, யார் முதல் என்று தான் பார்க்கவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். ஆளுக்கொரு பெயரைக் கத்தினார்கள். மேற்குப் பக்க நடைபாதையில் பொன்ராஜும் கிரீஷும் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

"பாய் பின்னாலயே வந்தாரு சார்," என்றான் பொன்ராஜ். "அவரு சொல்லட்டும். அவரு இன்னா சொன்னாலும் எனக்கு ஓகே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாலம் இறங்கியதும் என்னைக் கிண்டல் செய்த அதே வாய். எந்தத் தைரியத்தில் சொன்னான்? கிரீஷ் உடனே தலையாட்டினான். "ஆமாம் சார். ஷரீஃபே சொல்லட்டும்." அவன் குரலில் நிம்மதி இருந்தது.

சார் புதுப் பனியனை என் கையில் கொடுத்து, நீயே போய்ப் போட்டுவிடு என்றார். கூட்டம் வழிவிட்டது. முதுகில் வெயில் அடித்தது. என் நிழல் எனக்கு முன்னால் ரோட்டைக் கடந்து போனது. பொன்ராஜ் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். கிரீஷ் என் முகத்தைப் பார்க்கவில்லை. நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தான். அது தன் காலைத் தொடாமல் விலகியதும் குனிந்து, மெதுவாக, ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தான்.