முதலில் தண்ணீர்

கீழே இஞ்சின் அறையிலிருந்து கணவனின் குரல் வரும்வரை தண்ணீர்க் குழாயின் திருகிலிருந்து கையை எடுக்கக் கூடாது. ஷாமளா படகின் மேல்தட்டில் குழாயைப் பிடித்தபடி நின்றாள்.

அவள் கணவன் ஹேமநாதன் ஒரு விசித்திரப் பிறவி. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்தால் தூங்காமல், படகுத்துறையில் கிடக்கும் மீன்பிடிப் படகுகளின் இஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பான். உப்புத் தண்ணீர் இஞ்சினை உள்ளேயே அரித்துவிடும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசினால் பிழைக்கும். அதற்காக மலாய்க்கார மீனவர் பாக் சிக் ஹலிமின் படகில், இஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் ஏறும் ரப்பர் குழாயை வெட்டி, நடுவே ஒரு கிளைக்குழாய் பொருத்தியிருந்தான். இன்று முதல் சோதனை.

வரிசைதான் முக்கியம். தொடங்கும்போது முதலில் இஞ்சின், பிறகு தண்ணீர். முடிக்கும்போது முதலில் தண்ணீர், பிறகு இஞ்சின். மாறினால் தண்ணீர் உள்ளே ஏறி இஞ்சின் பாழ். காலையில் ரொட்டி சானாய் தின்னும்போதும் இதையே சொல்லி அவள் உயிரை வாங்கினான். அவளும் எரிந்து விழுந்தாள்.

இஞ்சின் ஓடியது, தண்ணீரும் போனது. நிறுத்தச் சொல்லும் குரல் மட்டும் வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு போய் இஞ்சின் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஹேமநாதன் இஞ்சின் ஓரமாகச் சரிந்து கிடந்தான். கண் திறந்திருந்தது, அசைவில்லை.

ஷாமளா கத்தவில்லை. திரும்பி வந்து குழாயை மூடினாள். சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினாள். அதன் பிறகுதான் கீழே இறங்கினாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது, கை தானாகச் செய்தது.

மாரடைப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில். எப்போது உயிர் போனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் மாசாயில் அவர்கள் வீடு நிறைந்துவிட்டது. சாவு வீட்டில் ஆளுக்கு ஆள் டாக்டர். கொழுப்பு என்றார் ஒருவர், தூக்கமில்லை என்றார் இன்னொருவர். ஷாமளாவுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் எல்லாம் அப்படியே நின்றுபோயிருந்தது. குழாயை மூடிய அந்த நேரத்தில் அவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தானா என்ற ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பாக் சிக் ஹலிம் வந்து தலை குனிந்து நின்றார். இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே ஏறவில்லை என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார் அந்த நல்ல மனுஷன்.

பெட்டியை மூடுவதற்கு முன் ஷாமளாவுக்குக் கடைசியாகப் பூ வைத்துவிட ஹேமநாதனின் அக்கா கருப்பாயி அவளை அறைக்கு அழைத்துப் போனாள். கதவைச் சாத்திவிட்டுத் தலையை வாரத் தொடங்கினாள். வாரியபடியே, யாரும் கேட்காததைக் கேட்டாள்.

"நீ பாத்தப்ப தம்பிக்கு மூச்சு இருந்துச்சாம்மா?"

"தெரியல அண்ணி. மொதல்ல தண்ணிய மூடினேன். அப்புறம் இஞ்சின நிறுத்தினேன். அப்புறந்தான் அவர்கிட்ட போனேன்."

சீப்பு நின்றது. வெளியே யாரோ, நேரமாகிறது, ஷாமளாவைக் கூட்டி வாருங்கள் என்றார்கள்.

கருப்பாயி மேசையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்தாள். மல்லிகைச் சரத்தை மடித்து வைத்து, விழாதபடி குத்தினாள்.

"தலைய நிமித்து" என்றாள்.