பலகையின் நீளம்

சனிக்கிழமை பொழுது விடிவதற்கு முன்பே அமெரிக்காவின் சன்னிவேலில் சேனாபதியின் வீட்டு வாசலில் மூன்று கார்கள் வந்து நின்றுவிட்டன. ஆஸ்திரியாவில் அப்போது பிற்பகல். அவருடைய மகள் தென்றல் அங்கே ஒரு மலைச்சரிவின் உச்சியில், கால்களில் நீண்ட பனிச்சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தாள். அவள் தாண்டுவதை டிவியில் பார்க்கத் தமிழ்ச் சங்கத்தின் செயற்குழு திரண்டு வந்து சோபாவை நிறைத்திருந்தது. சேனாபதியின் மனைவி மரகதம் எல்லோருக்கும் பொங்கலும் கொத்சும் பரிமாறினாள். இந்த விளையாட்டின் விதி ஒன்றுகூடத் தெரியாது என்பது செயற்குழுவின் உற்சாகத்தைக் குறைக்கவில்லை. சங்கத்தின் சட்டதிட்டங்களும் அவர்களுக்குத் தெரியாதுதான்.

"என்ன சார், ஐஸையே காணோம்? பச்சைப் பசேல்னு இருக்கு?" என்றார் தலைவர் சபரிநாதன்.

"இது சம்மர் சீசனுங்க. சரிவு பூராவும் பிளாஸ்டிக் பாய் விரிச்சுத் தண்ணி தெளிச்சு உட்டிருப்பாங்க. அதும்மேலதான் வந்து எறங்கோணும்," என்றார் சேனாபதி.

"அட, அப்ப நம்ம ஊர் கல்யாண மண்டப வாசல்லயே நடத்தலாமே!"

திரையில் தென்றல் வந்தாள். வழுக்கிப் பாய்ந்து, விளிம்பில் எகிறி, பலகைகள் இரண்டுக்கும் நடுவே உடம்பைக் கிடத்திக்கொண்டு காற்றில் போனாள். போனாள், போய்க்கொண்டே இருந்தாள். அவள் வெகுதூரம் தள்ளி இறங்கியதும் சபரிநாதன் காபியைக் கொட்டிக்கொண்டு எழுந்து நின்று கை தட்டினார். பட்டியலில் அவள் பெயர் மேலே ஏறியது. செயற்குழு ஒருவரை ஒருவர் கட்டித் தழுவிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெயர் மேலேயிருந்து கழன்று, பட்டியலின் அடியில் போய் விழுந்தது. தகுதி நீக்கம். பலகையின் நீளம் விதியை மீறியிருக்கிறது என்றான் வர்ணனையாளன்.

"இனவெறி சார், அப்பட்டமான இனவெறி!" என்றார் சபரிநாதன். தட்டில் பொங்கல் ஆறுவதற்குள் கண்டனத் தீர்மானம் தயாராகிவிட்டது. 'வன்மையாகக் கண்டிக்கிறது' என்பதா, 'மிக வன்மையாக' என்பதா என்பதில் மட்டும் செயற்குழு இரண்டாகப் பிரிந்து, ஒரு மணி நேரம் வாதாடிக் களைத்தது.

தென்றல் யூட்டா மாநிலத்தில் அணியின் விடுதியில் தங்கிப் பயிற்சி எடுக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் காலேஜை ஒத்திப் போட்டுவிட்டுப் போனவள். கோபிச்செட்டிபாளையத்துச் சொந்தக்காரர்கள், "பொட்டப்புள்ளைய மலை உச்சியிலிருந்து தள்ளி உடறதுக்கா அமெரிக்கா போனீங்க?" என்று கேட்டார்கள். அந்த வாயை அடைத்தவை அவளுடைய விரதங்கள்தான். இரண்டு வருஷமாகச் சஷ்டி, கிருத்திகை, ஏகாதசி, பிரதோஷம், செவ்வாய், வெள்ளி என்று ஒன்று விடாமல் இருந்தாள். பஞ்சாங்கத்தை ஃபோனில் இறக்கி வைத்திருந்தாள். மரகதம் அதைச் சொல்லாத வீடு விரிகுடாப் பகுதியில் கிடையாது. "இங்கயே பொறந்த புள்ளைங்க. நாஞ் சொல்லிக் குடுக்கலை. அதுவா இருக்குது." கேட்கும் பெண்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டே தங்கள் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளைகள் பீட்சாவைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

போன குளிர்காலத்தில் அணியின் கோச் சேனாபதியைக் கூப்பிட்டார். தென்றல் பல நாட்கள் சாப்பாட்டு மேஜைக்கே வருவதில்லை, கேட்டால் மதம் என்கிறாள், இது கட்டாயமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சேனாபதி காரை ஓரமாக நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் பேசினார். வெள்ளைக்காரன் நேற்றுக் கண்டுபிடித்த டயட்டை எங்கள் முன்னோர்கள் எப்போதோ வகுத்துவிட்டார்கள் என்றார். நாவை அடக்குவது, புலனை வெல்வது, உபவாசம் என்றால் இறைவன் அருகில் வசித்தல் என்று இண்டு இடுக்கு விடாமல் விளக்கினார். அந்தச் சொற்பொழிவில் சைவமும் வைணவமும் சென்ற ஞாயிறு பார்த்த யூடியூபும் கலந்திருந்தன. கடைசியாக, மத சுதந்திரம் இந்த நாட்டின் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது, என் மகளின் சாப்பாட்டைப் பற்றி இனி யாரும் அவளைக் கேட்கக் கூடாது என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டார். கோச் பலமுறை மன்னிப்புக் கேட்டார். சேனாபதி வீட்டுக்கு வந்து மரகதத்திடம், "வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன்" என்றார். அன்றைக்கு ராத்திரி அவருக்கு நல்ல தூக்கம்.

இப்போது கண்டனத் தீர்மானத்தின் தெம்பில் அதே கோச்சை அழைத்தார். பலகையை யார் தப்பாக அளந்தது என்று எடுத்த எடுப்பில் சத்தம் போட்டார்.

பலகை போன வருஷத்துப் பலகைதான், அது வளரவில்லை என்றார் கோச். தாண்டி முடித்ததும் ஆளையும் எடை போடுவார்கள். உடம்பு லேசாக இருந்தால் அதிக தூரம் பறக்கலாம் என்று பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். அதைத் தடுக்கத்தான் எடை குறையக் குறையப் பலகையையும் வெட்ட வேண்டும் என்று விதி வைத்தார்கள். உங்கள் மகள் எடை போடும் முன்பு வயிறு முட்டத் தண்ணீர் குடித்துச் சமாளித்திருக்கிறாள். இந்த முறை அது போதவில்லை.

"நீங்கள் சொன்னதால்தான் நான் கேட்கவில்லை, சார்," என்றார் கோச். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சேனாபதிக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. மரகதத்திடம் மட்டும், "அம்மிணி ரொம்ப எளைச்சுப் போச்சோ?" என்று ஆரம்பித்தார். "வெளையாடற புள்ளைங்க அப்படித்தானுங்க இருக்கும். நீங்களே கண்ணு வெக்காதீங்க," என்று அவள் சுற்றிப் போட உப்பும் மிளகாயும் எடுக்கப் போய்விட்டாள். கண்டனத் தீர்மானம் சங்கத்தின் இணையதளத்தில் ஏறியது. 'மிக வன்மையாக' அணி வென்றிருந்தது. இனவெறி என்றே எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கட்டும் என்று சேனாபதி விட்டுவிட்டார்.

சீசன் முடிந்து தென்றல் வீட்டுக்கு வந்தபோது புரட்டாசி. கடைசிச் சனிக்கிழமை லிவர்மோர் கோவிலில் பெருமாளைச் சேவித்துவிட்டு, பக்கத்தில் வாடகைக்கு எடுத்த அரங்கில் பாராட்டு விழா. சபரிநாதன் மைக்கைப் பிடித்தார். மலையிலிருந்து முதலில் குதித்தவன் தமிழன் என்றார். எதற்குக் குதித்தான் என்பதைச் சொல்லவில்லை. "நீளம் என்று சொல்லி நம் பெண்ணின் சிறகை வெட்டினார்கள்!" என்றார். 'வான்தொட்ட வீராங்கனை' என்று பட்டம் கொடுத்தார். "இவ்வளவுக்கும் இந்தப் பெண் விரதம் தவறுவதில்லை!" என்றபோதுதான் கைதட்டல் கூரையில் மோதியது. அவள் தாண்டிய தூரத்துக்குக்கூட அவ்வளவு கைதட்டல் கிடைக்கவில்லை.

பொன்னாடையைப் போர்த்தினார்கள். அது தோளில் நிற்காமல் நழுவியது. சபரிநாதன் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்துவிட்டு, "ஃபேனைப் போடாதீங்கப்பா, பொண்ணு பறந்துடும்!" என்றார். அரங்கமே சிரித்தது. தென்றலும் சிரித்தாள். சிரிக்கும்போது அவள் கழுத்து நரம்புகள் இரண்டு கயிறுகள் போல விறைத்து நின்றதைச் சேனாபதி பார்த்தார்.

பந்தியில் அவர் தயிர்சாதம் வைத்த தட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் போனார்.

"ஒரு வாய், கண்ணு."

"புரட்டாசி சாட்டர்டேப்பா."

"அதான் பூஜை முடிஞ்சுதல்ல, சாமி? இனிச் சாப்புடலாம்."

"ஐ டூ இட் டில் சன்செட்."

"சேனாபதி, ஏன்யா பக்தியைக் கெடுக்கறீங்க?" என்று பின்னாலிருந்து சபரிநாதன் தட்டை உரிமையோடு வாங்கிக்கொண்டார். பக்கத்து மேஜையில் செயலாளரின் மகள் பிரீத்தி, பத்து வயது இருக்கும், தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஐ ஆம் ஃபாஸ்டிங் டூ" என்றது. அதன் அம்மா பூரித்துப் போய் ஃபோட்டோ எடுத்தாள்.

திரும்பும்போது மரகதம் பின் சீட்டில் பொன்னாடையை மடியில் வைத்தபடி தூங்கிவிட்டாள். தென்றல் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் புளியோதரைப் பிரசாத டப்பா. ஃப்ரீவேயின் இருபுறமும் மழை காணாத குன்றுகள் பழுப்பாகக் கிடந்தன.

"கோச் எல்லாஞ் சொன்னாருங்கண்ணு," என்றார் சேனாபதி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் டப்பாவின் மூடியை இன்னும் இறுக்கி மூடினாள்.

"டாக்டரைப் பாக்கலாம். அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். சங்கத்துக்காரங்ககிட்டயும் நானே..." அந்த வாக்கியம் அதற்கு மேல் நகரவில்லை.

"ஹி நெவர் ஆஸ்க்ட் மீ அகெய்ன்," என்றாள் தென்றல். "நாட் ஒன்ஸ். யூ மேட் ஹிம் ப்ராமிஸ்." பிறகு தமிழில், வார்த்தை வார்த்தையாகத் தேடி எடுத்தாள். "அப்ப ஒனக்குத் தேங்க்ஸ் சொல்லணும்னு நெனச்சேன்ப்பா."

சேனாபதி டப்பாவைக் காட்டி, "ஒரு ஸ்பூன். எனக்காக," என்றார். தன் குரல் கெஞ்சுவது அவருக்கே கேட்டது. அவள் மேற்கே பார்த்தாள். சூரியன் குன்றுக்கு மேல் இன்னும் ஒரு கை உயரத்தில் நின்றது.

அவள் ஜன்னலை இறக்கிக் கையை வெளியே நீட்டினாள். விரல்களைச் சேர்த்து உள்ளங்கையைக் கொஞ்சம் சாய்த்ததும் காற்று அதைத் தூக்கியது. மரகதம் போட்டுவிட்ட தங்க வளையல் மணிக்கட்டில் தங்காமல் முழங்கை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது. சேனாபதி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாக ஹாரன் அடித்து விலகிப் போயின. வேகம் குறைந்துகொண்டே வந்தது. கை மட்டும் இறங்கவில்லை.