தாடி ப்ரஷ் கழுவும் நாள்

தாடி ப்ரஷ்ஷைத் தண்ணீரில் முக்கி எடுக்கக் கூடாது. இதை என் கணவர் விமலன் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. முடி மட்டும்தான் நனையலாம், கட்டை நனையக் கூடாது. கட்டைக்குள் ஈரம் இறங்கினால் மரம் உப்பி வெடித்து, முடி கொத்துக் கொத்தாகக் கழன்று வந்துவிடுமாம். வெயிலில் வைக்கக் கூடாது. ஹேர் டிரையர் கூடவே கூடாது. எட்டாம் மாதத்தில் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்த மனைவியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவருக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைதான் ப்ரஷ் கழுவும் நாள். பிரிக்பீல்ட்ஸில் பதினோராவது மாடியில் எங்கள் வீடு. குளியலறைத் தொட்டி ஓரமாக ஒரு சின்ன ஸ்டூலைப் போட்டு உட்காருவேன். முதலில் பழைய சீப்பால் ப்ரஷ்ஷில் சிக்கிய தாடி முடியை எல்லாம் வாரி எடுக்க வேண்டும். அடியில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும். பல்குத்தும் குச்சியால் வரிசை வரிசையாக அதைக் கிளற வேண்டும். பிறகு ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் ஒரு சொட்டு ஷாம்பு. முடியின் நுனியை மட்டும் அதில் தொட்டுத் தொட்டு விரலால் தேய்க்க வேண்டும். அலசி உதறி, துண்டின் மேல் முடி கீழே பார்க்கும்படி கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் காய்ந்துவிடும்.

அந்த ஷாம்பு குழந்தை ஷாம்பு. அதைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தாடியைப் பற்றிச் சொல்ல முடியாது.

எனக்கு நாள் தள்ளிப்போனது உறுதியானதும் என் மாமியார் வள்ளியம்மா கிள்ளானிலிருந்து பழக்கூடையோடு வந்தார். வந்த கையோடு மகனுக்கு ஓர் உத்தரவும் போட்டார்.

"முழுகாம இருக்கற பொண்டாட்டிய வெச்சுக்கிட்டுப் புருஷன் மூஞ்சில கத்தி படக்கூடாதுப்பா. புள்ள பொறக்கற வரைக்கும் சவரம் கெடயாது."

விமலனுக்கு முதலில் பிடிக்கவே இல்லை. அரிக்கிறது, புழுங்குகிறது, ஆபீஸில் சிரிக்கிறார்கள் என்று ஒரே புலம்பல். மூன்றாவது மாதம் தாடி அடர்ந்து முகத்துக்கு ஒரு களை வந்தது. அவர் வார நாட்களில் ஆபீஸ் வேலை பார்ப்பவர், வார இறுதியில் கல்யாண விருந்துகளில் மேடையேறி அறிவிப்பாளராகப் பேசுபவர். ஒரு மண்டபத்தில் யாரோ, "தாடி செம்ம கெத்தா இருக்கு அண்ணே" என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாரமே ப்ரஷ் வந்து இறங்கியது. அசல் பன்றி முடியாம், அதுதான் எண்ணெயை அடிவரைக்கும் கொண்டுபோகுமாம். பெட்டியின் மேல் மலாயில் அதை எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, "சாமி ரூம் பக்கம் கொண்டு போயிடாதப்பா" என்றார் மாமியார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிக்கிற காலம் அது.

பிறப்பதற்கு முன்னால் பிள்ளைக்கு எதுவும் வாங்கக் கூடாது என்பதும் மாமியாரின் உத்தரவுதான். நான் ஒன்றே ஒன்று வாங்கினேன், யாருக்கும் தெரியாமல். வீட்டுக்குக் கீழே இருக்கிற கடையில் ஒரு குழந்தை ஷாம்பு. மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, திரும்ப வைக்க மனமில்லாமல் வாங்கி வந்து, சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

ஏழாம் மாதத்தில் ஒருநாள் விமலன் என் வயிற்றில் கை வைத்துச் சொன்னார்.

"பாப்பாவுக்கு மொத மொட்ட போடறப்ப நானும் தாடிய எடுத்துடறேன். அப்பாவும் புள்ளயும் பத்துமலையில ஒண்ணா உக்காந்துக்கறோம். இது முருகனுக்கு வேண்டுதல், சரியா?"

சரி என்றேன். உள்ளேயிருந்து பாப்பாவும் ஓர் உதை விட்டாள்.

எட்டாம் மாதத்தில் உதை நின்றது. பெண் குழந்தை. ஏன் என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினாள். "ரம்புட் லெபாட், காக்" என்று மெதுவாகச் சொன்னாள். முடி அடர்த்தி அக்கா என்று. ஆமாம், தலை கொள்ளாத முடி. ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன். அதற்கப்புறம் விமலனும் மாமனாரும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கிள்ளான் இடுகாட்டில் ஒரு மரத்தடியில் புதைத்தார்களாம். பெண்கள் வரக் கூடாது என்றார்கள். பேர் வைக்காத பிள்ளைக்குக் கருமாதி இல்லை, திதி இல்லை, பதினாறு நாள் கணக்கும் இல்லை என்று மாமியார் சொன்னார். பொல்லாத மனதோடு சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்த வழக்கத்தைச் சொன்னார். ஒரு வாரத்தில் வீடு பழையபடி ஆகிவிட்டது. எனக்குப் பால் வற்றவில்லை, அவ்வளவுதான்.

இருந்தது விமலனின் தாடி மட்டும். அதை அவர் எடுக்கவில்லை.

வந்தவர்களெல்லாம் அந்தத் தாடியைத்தான் பார்த்தார்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "பாவம், புள்ளய நெனச்சு இன்னும் தாடி எடுக்கல பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கல்யாண மண்டபங்களில் பெரியவர்கள் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். என்னிடம் வந்து, "எளச்சுட்டியேம்மா, ஆனா ஒனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். எனக்குக் காட்டுவதற்கு ஒன்றுமில்லையே. வயிறு கூட உள்ளே போய்விட்டது.

அவர்களைச் சொல்லி என்ன? நானும்தான் நம்பினேன். பிள்ளை போன மூன்றாவது மாதம் ஒருநாள் கேட்டேன், "ஏங்க, தாடிய எடுக்கலயா?"

"எடுக்க மனசு வரல தாமர" என்றார்.

அன்றைக்கு அவர் மடியில் படுத்து அப்படி அழுதேன். இந்த உலகத்தில் என் பிள்ளைக்காக ஒருவராவது துக்கம் காக்கிறார் என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ப்ரஷ் கழுவுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். மென்மையான ஷாம்புதான் போட வேண்டும் என்று பெட்டிக்குள் இருந்த காகிதத்தில் எழுதியிருந்தது. சேலைக்கு அடியிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் திறந்தேன். பிள்ளைக்கென்று இருந்த ஒரே பொருள் பிள்ளைக்காக வளர்ந்த தாடிக்குத்தானே போகிறது என்று ஒரு சமாதானம். அந்த வாசனையில் உட்கார்ந்து அரை மணி நேரம் ஒரு பன்றி முடி ப்ரஷ்ஷைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். என்னைப் போல ஒரு பைத்தியக்காரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பிள்ளை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை கிள்ளானில் ஒரு விருந்து. போகிற வழியில் தாடியைச் சரிசெய்ய வேண்டும் என்று வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் ஜீவன் சலூனில் நுழைந்தார். அதுவரை கன்னத்தையும் மீசையையும் ஒதுக்குவதோடு சரி, கீழே கத்தரி வைத்ததில்லை. நான் பின்னால் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். சலூன்காரர் ஜீவன் தாடியைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"பாஸ், கீழ லூசா தொங்குது. ஒரு பிடி விட்டுட்டு மிச்சத்த எடுத்துடவா?"

"எடு எடு."

"எவ்ளோ நாளா வளக்கறீங்க?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. வைஃப் பிரக்னன்டா இருந்தப்ப அம்மா சொன்னாங்கன்னு வளத்தேன் லா. அப்புறம் பாத்தா செம்மயா சூட் ஆயிருச்சு. இது வந்தப்புறம்தான் இவ்ளோ புக்கிங். எடுக்க மனசு வரல."

அதே மூன்று சொல். அதே குரல். என்னிடம் எப்படிச் சொன்னாரோ அப்படியே ஜீவனிடமும் சொன்னார். மனிதர் என்னிடம் பொய் சொல்லவே இல்லை. நான்தான் அதில் என் பிள்ளையைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

கத்தரி ஓடியது. முடி மாதத்துக்கு அரை அங்குலம் வளரும் என்பார்கள். பிள்ளை போய் எட்டு மாதம், நாலு அங்குலம், அதாவது அவர் விட்டு வைக்கச் சொன்ன அந்த ஒரு பிடி. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் அவள் என் வயிற்றில் இருந்தபோது வளர்ந்தது. அதுதான் தரையில் விழுந்தது. ஜீவன் துடைப்பத்தை எடுத்து மற்றவர்கள் முடியோடு சேர்த்துக் கூட்டி மூலையில் தள்ளினார். நான் கைபேசியைப் பார்ப்பது மாதிரி குனிந்திருந்தேன். எழுந்து ஒரு பிடி அள்ளிக் கைக்குட்டையில் முடிந்திருக்கலாம். வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

காரில் ஏறியதும் கேட்டேன். "பாப்பா பொறந்த நாள் நாலு மாசத்துல வருது. அன்னிக்குப் பத்துமலையில எடுத்துடுங்க. வேண்டுதல்னு சொன்னீங்கல்ல?"

"சரி, எடுத்துடலாம் லா" என்றார் கண்ணாடியில் தாடியைப் பார்த்துக்கொண்டே.

அந்த 'சரி'யை நான் பிடித்துக்கொண்டேன். முடி போனால் போகட்டும், சொன்ன சொல்லாவது நடக்கட்டும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் பிள்ளைக்காக என்று அவர் உட்கார்ந்து எழுந்தால் போதும். அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் வளர்த்துக்கொள்ளட்டும். ஞாயிறு தவறாமல் ப்ரஷ்ஷையும் கழுவினேன். பாட்டிலில் ஷாம்பு ஒரு விரல் அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த நாள் வரைக்கும் வரும் என்று அளந்து அளந்து விட்டேன்.

அந்த நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாகத்தான் வந்தது. காலையிலேயே தலைக்குக் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, அர்ச்சனைத் தட்டோடு நின்றேன். விமலன் கைலியோடு உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெளம்பலயா?"

"இன்னிக்கா? இன்னிக்குச் சாயந்தரம் கிள்ளான்ல டின்னர் இருக்கு தாமர. போஸ்டர்ல தாடியோடதானே இருக்கேன். மொட்ட மூஞ்சியோட போய் நின்னா யாருக்கு அடையாளம் தெரியும்?"

"அப்ப எப்பங்க?"

"அதுக்கென்ன அவசரம்? அடுத்தது உண்டாச்சுன்னா மறுபடி வளக்கணும்ல. இப்ப எடுத்துட்டு மொதல்லேருந்து அந்த அரிப்பெல்லாம் படணுமா? இதே இருக்கட்டும். ரெண்டுக்கும் ஒரே தாடி."

விளையாட்டாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். தட்டை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

"சீக்கிரம் வந்துடு. ப்ரஷ்ஷ கழுவி வெச்சுட்டுப் போயிருக்கலாம்ல?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

பக்கத்திலிருக்கும் சென்ட்ரல் ஸ்டேஷனில் கொமுட்டர் ரயில் ஏறினேன். பத்துமலையில் மொட்டை போடும் இடத்தில் அன்று அய்யாவு என்ற பெரியவர் இருந்தார். மணையில் உட்கார்ந்த என்னையும் என் தாலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பூமுடி எடுத்தா போதுமாம்மா?"

"முழுசா எடுத்துடுங்க அங்கிள்."

"யாரு வேண்டுதலு?"

"எம் புள்ளயோடது."

"புள்ளய எங்க காணம்?"

"வரல."

அவர் கத்தியை எடுத்தார். என் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, காயம் படாமல் மெதுவாக மழித்தார். இடுப்பு வரைக்கும் இருந்த முடி, கல்யாணத்தில் எல்லோரும் கண் வைத்த முடி, மடியில் வந்து விழுந்தது. பாப்பாவுக்கு இந்த முடிதான் வந்திருந்தது, அவர் முடி இல்லை. சந்தனத்தைக் குளிரக் குளிர அப்பிவிட்டபோது வாய்விட்டு அழுதேன். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக யாரும் என்னைப் பார்த்து, அழாதே என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. விமலன் அறைக்குள் ஜிப்பாவுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தொட்டி ஓரத்தில் ஒரு வார எண்ணெயும் தூசியுமாக ப்ரஷ் கிடந்தது. பக்கத்தில் அந்தப் பாட்டில். தலைகீழாகக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரைக்கும் என் தலையில் விட்டுக்கொண்டேன். மொட்டைத் தலைக்கு அதுவே தாராளம். சந்தனம் கரைந்து ஓட, நுரை கண்ணில் இறங்கியது. கொஞ்சம்கூட எரியவில்லை. அப்படித்தான் பாட்டிலிலும் போட்டிருந்தது.

கதவு தட்டப்பட்டது. "தாமர! வந்துட்டியா? ப்ரஷ் எங்க? நேரமாச்சு."

கதவைத் திறந்து, கழுவாத ப்ரஷ்ஷை அவரிடம் நீட்டினேன்.

அவர் அதை வாங்கவில்லை. என் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். கை தானாகப் போய்த் தன் தாடியைப் பிடித்துக்கொண்டது.

"என்னடி பண்ணிட்டு வந்திருக்க? சாயந்தரம் இந்தக் கோலத்துலயா வந்து நிப்ப? எல்லாரும் கேப்பாங்களே!"

"கேக்கட்டும்" என்றேன். "ஒரு வருஷமா உங்களத்தான் கேட்டாங்க."