ஒன்பது மதிப்பெண்

ஒன்பதா, பத்துக்கு ஒன்பதா, நாற்பது விநாடி தடவித் தடவிப் பார்த்தும் நிறுத்தும் பட்டன் கிடைக்காத திரைக்கு ஒன்பது கொடுக்க யாருக்காவது மனசு வருமா... கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள், அந்தப் பக்கம் திரைகளைச் சோதித்துப் பார்த்த நர்ஸ் மதிப்பெண் போட்டுக் கொடுத்த படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் இயந்திரம், அதன் தொடுதிரைக்கு இரண்டு டிசைன், ஒன்று ஏழு வருடமாக வார்டுகளில் ஓடும், இவள் போட்டது, மற்றது போன மாதம் சேர்ந்த புது டிசைனருடையது, எல்லாம் வெள்ளை, வெள்ளையின் மேல் வெளிர்சாம்பல் எழுத்து, பட்டன் எது, வெறும் சொல் எது, கடவுளுக்கே வெளிச்சம். இவள் திரையில் அந்த நர்ஸ் இரண்டே விநாடியில் மருந்தை நிறுத்தினாள், போட்டது நான்கு. பக்கத்தில் ஒரு வரி, 'பழசா இருக்கு'. ஏன்? புது டிசைனர் காலையில் நர்ஸுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தானே, சும்மாவா கொடுத்தான், காதில் எதையாவது போட்டிருப்பானோ... இல்லை, ஊரே இப்படித்தான், வீட்டில் கணவர் குமிழே இல்லாத அடுப்பை வாங்கி வைத்துக்கொண்டு படும் பாடு தெரியாதா, ஈர விரலுக்கு அது அசையாது, பால் பொங்கி வழியும், ஆனால் விருந்தாளி வந்தால் போதும், "எவ்வளவு நீட்டா இருக்கு பாருங்க" என்று நெஞ்சை நிமிர்த்துவார். கண்ணுக்குப் பிடித்துவிட்டால் கை படும் அவஸ்தை கணக்கிலேயே வராதா? அடுப்பென்றால் பாலோடு போகும். இது உயிர்.

பொறுக்கவில்லை, எழுந்து உள்ளே போனாள். நர்ஸ் கைப்பையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், ஒண்ணு கேட்கலாமா? புதுசுல பட்டனே கிடைக்கல, அப்புறம் எப்படி ஒன்பது போட்டீங்க? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஐயோ, யாரும் சொல்லல மேடம். என் போன் மாதிரியே இருந்துச்சா, கண்ணுக்குக் குளுமையா இருந்துச்சு. தேடினது என் தப்புதானே, பழகிட்டா வந்துடும்."

பார்த்தாயா, திரை செய்த குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள்... அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன வெற்றி. "பழசுல பாருங்க, தேடவே இல்ல நீங்க, ரெண்டே விநாடி."

நர்ஸ் சிரித்தாள். "ஏழு வருஷமா அதோட குடித்தனம் நடத்தறேன் மேடம், கண்ணை மூடிட்டே அழுத்துவேன். வந்த புதுசுல படாத பாடு பட்டேன். ஒருநாள் நிறுத்தறதுக்குப் பதிலா வேகத்தைக் கூட்டிட்டேன்."

"அப்புறம்?"

"நல்லவேளை, பக்கத்துல சீனியர் நின்னாங்க, ட்யூபைக் கையால மடக்கிப் பிடிச்சுட்டாங்க. பாத்ரூம்ல போய் அழுதேன்."

"ஏன் எங்களுக்குச் சொல்லல?"

"என் தப்புன்னுதான் நினைச்சேன்."

நர்ஸ் போய்விட்டாள். இவள் நின்ற இடத்திலேயே நின்றாள்... பொய் சொல்கிறாளோ, எதற்குச் சொல்ல வேண்டும், அவளுக்கு என்ன லாபம்... ஏழு வருடம் ஒரு புகார்கூட வரவில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் மார்தட்டியது எதை வைத்து, எத்தனை பேர் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள்? நிறுத்துவதும் வேகம் கூட்டுவதும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவு, ஒரே சிவப்பு, மேடுதட்டிப் பளபளவென்று, ஏன் அப்படி வைத்தாள்... அந்த வருடம் எல்லாரும் அப்படித்தானே செய்தார்கள், பட்டன் என்றால் கடித்துத் தின்னலாம்போல இருக்க வேண்டும் என்று மேலாளரே சொன்னார், அவள் திரையைப் பார்த்து எழுந்து நின்று கைதட்டினார். யார் யார் என்ன சொல்லிப் பாராட்டினார்கள் என்று இன்றைக்கும் வார்த்தை பிசகாமல் சொல்வாள். ஆனால் அந்தத் திரையை வார்டுக்கு அனுப்பும் முன் ஒரு நர்ஸின் விரலையாவது பக்கத்தில் நின்று பார்த்தாளா... பார்த்திருப்பாள். பார்த்திருக்க வேண்டும். முகம்தான் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.