காலால் கலக்கிய தண்ணீர்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். அப்பா பிரசங்கம் செய்வார். நான் வசனம் வாசிப்பேன். பிழைக்க வந்த இந்த ஊரில் எங்கள் சந்துப் பிள்ளைகளுக்கு இந்தி ஓடும், தமிழ் எழுத்து ஓடாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அது மட்டும் ஓடியது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. வேதத்தை விரித்தால் மட்டும் குரல் வரும். அது என் பேச்சு இல்லையே.

நான் ஒரு வசனம் வாசித்து நிறுத்த வேண்டும். அப்பா விளக்குவார். "மேலே" என்றால் அடுத்தது. "ஆமென்" என்றால் மூடிவிட வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா எடுத்தது எசேக்கியேல், மேய்ப்பர்களைப் பற்றிய அதிகாரம். எங்கள் வார்டு நகர்சேவக்கை, அதாவது கவுன்சிலரை, நினைத்துத்தான் எடுத்தார். தேர்தலுக்கு முன்னால் அந்த மனிதர் இதே வீட்டில், இதே பிளாஸ்டிக் நாற்காலியில் தலைகுனிந்து ஜெபத்தில் உட்கார்ந்திருந்தார். கூட்டத்துக்கு வருகிறவர்களின் ஓட்டுகளையெல்லாம் அப்பா அவருக்கு வாங்கிக் கொடுத்தார். ஜெயித்த பிறகு சாக்கடைக்கு ஒரு மூடிகூட வரவில்லை. எங்களுக்கு ஒரு சலுகை மட்டும் கிடைத்தது. குழாயில் மோட்டார் வைத்துக்கொண்டோம், முனிசிபாலிட்டி ஆட்கள் பார்த்தும் பார்க்காமல் போனார்கள். எதிர்வீட்டு வேதமுத்து மாமாவும் அதே வாரம் வைத்தார்.

விடியற்காலையில் தண்ணீர் வரும். மோட்டார் இழுக்க இழுக்க எங்கள் டிரம் நிறையும். சந்தின் கடைசியில் பேராச்சி அக்கா வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். நாங்கள் மோட்டாரை நிறுத்திய பிறகு அவளுக்கு வருவது மஞ்சளாக இருக்கும், சாக்கடை நாற்றம் அடிக்கும். குழாய் சாக்கடைக்குள்ளே போகிறது. மோட்டார் இழுக்கிறபோது விரிசல் வழியாக அழுக்கையும் சேர்த்து இழுக்கிறது. அவள் மகன் சுரேந்திரன் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

பேராச்சி அக்கா எங்கள் சபை இல்லை. மகனுக்காக ஜெபிக்கச் சொல்லி அன்றைக்கு வந்து வாசலோரம் உட்கார்ந்திருந்தாள்.

அப்பாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. ஆடுகளை மேய்க்காமல் தங்களையே மேய்த்துக்கொள்ளும் மேய்ப்பர்கள். கொழுப்பைத் தின்று, ஆட்டு மயிரை உடுத்துகிறவர்கள்.

"மெதுவாச் சொல்லுங்க அண்ணாச்சி, நகர்சேவக் ஆபீஸ் வரைக்கும் கேக்கப் போகுது" என்றார் வேதமுத்து மாமா.

"கேக்கட்டுமே. நானா சொல்லுதேன்? கர்த்தர்லா சொல்லுதாரு. ஓட்டு கேக்க வரும்போது ஆடு, ஜெயிச்சு ஒக்காந்த பெறவு ஓநாய்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா வழக்கமாக மேய்ப்பர்களோடு முடித்துவிடுவார். அன்றைக்கு விடவில்லை. "மேலே" என்றார். மறுபடியும் "மேலே."

அடுத்த வசனம் என் கண்ணில் முன்பே பட்டுவிட்டது. நான் நிறுத்தினேன்.

"என்னட்டி, தூங்குதியா? வாசி."

வாசித்தேன். இங்கே கர்த்தர் மேய்ப்பர்களை விட்டுவிட்டு ஆடுகளிடம் பேசுகிறார். கொழுத்த ஆடுகளே, நீங்கள் தெளிந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மிச்சத்தைக் காலால் கலக்கினீர்கள், மெலிந்த ஆடுகள் அந்தக் கலங்கலைக் குடிக்க வேண்டியதாயிற்று என்கிறார்.

பாத்திரம் கழுவுகிற மோரி ஓரத்தில் பழைய துண்டு போர்த்தி வைத்திருந்த மோட்டாரை அம்மா பார்த்தாள். வேதமுத்து மாமா கைபேசியை எடுத்துப் பார்த்தார்.

"இன்னொருக்க வாசி" என்றார் அப்பா.

வாசித்தேன். "ஆமென்" என்றார்.

பேராச்சி அக்கா முன்னால் வந்தாள். "நாளைக்கு ஆஸ்பத்திரில இருந்து பிள்ளைய வீட்டுக்கு அனுப்புதாவ, அண்ணாச்சி. இனிமே அந்தத் தண்ணி பட்டா ஈரல் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கை நீட்டி ஜெபம் பண்ணுங்க."

அப்பாவின் கை எழும்பவில்லை. "தண்ணியக் காய்ச்சிக் குடும்மா" என்றார்.

"காய்ச்சித்தான் குடுத்தேன். கேஸ் சிலிண்டர் தீருத வரைக்கும் காய்ச்சினேன். பெறவு எங்க போக?"

அவள் போன பிறகு அப்பா ஸ்பானரை எடுத்து மோட்டாரைக் கழற்றினார். "நம்ம ஒரு வீடு கழத்தினா தீந்துருமா?" என்றாள் அம்மா. அவர் அடுத்த நட்டைத் திருகினார்.

மறுநாள் விடியற்காலையில் எங்கள் குழாயில் நூல் மாதிரித்தான் விழுந்தது. அப்பா குடத்தை வைத்துக் குந்தியிருந்தார். அந்தக் குடம் சுரேந்திரனுக்கு. நிறைந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தார். மஞ்சள். முகர்ந்து பார்த்துவிட்டுக் குடத்தை அப்படியே வைத்தார்.

எதிரே 'கொர்' என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா எழுந்துபோய் வேதமுத்து மாமா வீட்டுக் கதவைத் தட்டினார். பலமாகத் தட்டினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

மோட்டார் சத்தத்தில் உள்ளே யாருக்கும் கேட்கவில்லை.